வழியிற் செல்லும் துப்பாக்கி

ஒரு பொருளை வீட்டில் வைத்திருப்பது வேறு. அதனை வழியிலே எடுத்துச் செல்வது வேறு. அரிசிக்கும் துணிக்கும் இந்த வேறுபாடு பெரிதன்று. ஆயுதத்துக்கோ இஃது உயிர்நிலையான வேறுபாடு. வீட்டின் மூலையிற் சாத்தி வைத்த துப்பாக்கி எவருடையது, எதற்காக இருக்கிறது என்பதை ஊரார் அறிவர். அதே துப்பாக்கி ஒரு வண்டியில் ஏறிவிட்டால், அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, யாருக்காகப் போகிறது என்ற மூன்று வினாக்கள் உடனே எழுகின்றன. இம் மூன்று வினாக்களையும் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? கேட்டால் விடை சொல்லும் கடமை யாருக்கு உண்டு? இவ்விரண்டையும் வரையறுப்பதே ஆயுதப் போக்குவரத்துச் சட்டம். அச் சட்டம் நம் நாட்டில், சிறப்பாக நம் கொங்கு நாட்டு வழிகளில், எவ்வாறு வளர்ந்தது என்பதையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

கொங்கு நாடு வழிகளால் வளர்ந்த நாடு. மேற்கே பாலக்காட்டுக் கணவாய்; வடக்கே மைசூர் மேட்டு நிலத்துக்கு ஏறும் மலைப்பாதைகள்; கிழக்கே காவிரிச் சமவெளி. இம் மூன்றுக்கும் நடுவிலே அமைந்த நிலம் வணிகருக்கும் படையினருக்கும் ஒருங்கே வழியாயிற்று. கோயம்புத்தூருக்கு அருகே கிடைத்த கல்வெட்டொன்று ‘இராசகேசரிப் பெருவழி’ என்ற பெயரை இன்றும் நமக்கு அறிவிக்கின்றது. அக்காலத்து வணிகக் குழுவினர் தம் சரக்குப் பொதிகளோடு காவல் வீரரையும் உடன் கொண்டு சென்றனர். வணிகருக்குக் காவலாக நின்ற அவ் வீரரை ‘எறிவீரர்’ என்று கல்வெட்டுக்கள் குறிக்கின்றன. ஆகவே, வழியில் ஆயுதம் என்பது அந்நாளில் ஐயத்துக்குரிய பொருளாக இருந்ததில்லை. ஆயுதமின்றிச் செல்லும் வணிகனே அறிவிலி என எண்ணப்பட்டிருப்பான். அரசனுடைய கை எட்டாத காட்டு வழியிலே அவனவன் கையே அவனவனுக்குக் காவல்.

பின்னர் வந்த பாளையக்காரர் காலத்திலும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. ஊர்க்காவலும் வழிக்காவலும் பாளையக்காரரின் பொறுப்பு. அதற்காக அவர்கள் காவற்கூலி பெற்றனர். ஆயுதம் ஏந்திய ஆட்களையும் வைத்திருந்தனர். வேலும் வாளும் இருந்த கைகளில் திரி வைத்துச் சுடும் துப்பாக்கியும் வந்து சேர்ந்தது. ஆயுதம் தாங்குவது அந்நாளில் ஒரு தொழிலுரிமை. ஊருக்கு ஆற்றும் கடமையோடு ஒட்டிய உரிமை. இதனை நீங்கள் நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். ஏனெனில், பின்னால் ஆங்கிலக் கம்பெனியார் துப்பாக்கியைப் பறித்தபோது பறித்தது இரும்பையும் மரத்தையும் மட்டுமன்று; ஊரைக் காக்கும் பொறுப்பையும் அப்பொறுப்பால் வந்த மதிப்பையும் சேர்த்தே பறித்தனர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கொங்கு நாடு ஒரு போர்க்களமாயிற்று. மூன்றாம் மைசூர்ப் போரில், 1790-இல், கம்பெனிப் படை கோயம்புத்தூரைக் கைப்பற்றியது. 1791 நவம்பரில் திப்பு சுல்தானின் படை அதனை மீட்டது. இப்போர்களிலே பீரங்கியையும் குண்டையும் மருந்தையும் இழுத்துச் சென்றவை எவை? குதிரைகள் அல்ல, காளைகள். மைசூர் அரசு இதற்கெனவே ‘அமிர்த மகால்’ என்ற காளையினத்தைப் பேணி வளர்த்தது. திப்புவின் படை விரைந்து நகர்ந்ததற்கு அக்காளைகளும் ஒரு காரணம் என்பதை எதிரிகளே ஒப்புக்கொண்டனர். 1799 மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு மாண்டார். கோட்டையையும் நாட்டையும் மட்டுமின்றி அந்தக் காளை மந்தைகளையும் கம்பெனியார் கைக்கொண்டனர். படைக்கருவியை ஆள்பவனைவிட அதனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லும் ஆற்றலை ஆள்பவனே வல்லவன் என்ற உண்மையை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

கோயம்புத்தூர்ச் சீமை இவ்வாறு 1799-இல் கம்பெனியின் கைக்கு வந்தது. ஆனால் மக்கள் அதனை எளிதில் ஏற்கவில்லை. 1800 ஜூன் 3-ஆம் நாள் கோயம்புத்தூரில் இருந்த கம்பெனிப் படைமீது கிளர்ச்சியாளர் நடத்திய தாக்குதல் வெற்றி பெறவில்லை. பிடிபட்டோர் பலர் தூக்கிலிடப்பட்டனர். காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756-இல் பிறந்த தீரன் சின்னமலை, திப்புவுக்குத் துணை நின்றவர். அவர் மாண்டபின் அறச்சலூருக்கு அருகே ஓடாநிலையிற் கோட்டை கட்டிக் கம்பெனியை எதிர்த்துப் போரிட்டார். காவிரிக் கரையிலும், ஓடாநிலையிலும், அறச்சலூரிலும் அவர் நிகழ்த்திய போர்களை மக்கள் இன்றும் பெருமையோடு பேசுகின்றனர். மைசூருக்குச் சென்ற வரிப்பணத்தை வழிமறித்து, “சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்துக்கொண்டான் என்று சொல்” என அவர் சொல்லியனுப்பியதாக வழங்கும் செவிவழிச் செய்தியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அச்செய்தியும் ஒரு வழியைப் பற்றியதே என்பதை எண்ணிப் பாருங்கள். இறுதியில் அவர் பிடிபட்டுச் சங்ககிரிக் கோட்டையில் 1805 ஜூலை 31-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார்.

இதற்கிடையில் தெற்கே ஒரு பெரிய திருப்பம் நேர்ந்தது. 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனும், 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருது சகோதரரும் தூக்கிலிடப்பட்டனர். அதன் பின், 1801 டிசம்பர் 1-ஆம் நாள், சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் பிரபு ஓர் அறிக்கை வெளியிட்டார். தென்பாளையங்களிலுள்ள மக்கள் எவ்வகைப் படைக்கருவியையும் வைத்திருத்தலும் வழங்குதலும் கூடாது, அவற்றை ஒப்படைத்துவிட வேண்டும், கோட்டைகளை இடித்துவிட வேண்டும் என்பதே அதன் சாரம். காவல் உரிமையும் பாளையக்காரரிடமிருந்து நீங்கியது. தமிழ்நாட்டில் ஆயுதச் சட்டத்தின் முதற் பக்கம் இதுவே எனலாம். இச்சட்டம் எதிலிருந்து பிறந்தது? குற்றத்தைத் தடுக்கும் எண்ணத்திலிருந்து அன்று. தோற்றவன் மீண்டும் எழுந்துவிடுவானோ என்ற அச்சத்திலிருந்தே பிறந்தது. அச்சத்திலிருந்து பிறக்கும் சட்டம் எப்படி இருக்கும் என்பதை அடுத்த நூற்றாண்டு நமக்குக் காட்டுகிறது.

1857-இல் வடநாட்டில் பெருங்கிளர்ச்சி நிகழ்ந்தது. அதன் விளைவாக, ஆயுதம் செய்தல், இறக்குமதி செய்தல், விற்றல், வைத்திருத்தல் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தவும், வேண்டும் இடங்களில் மக்களை ஆயுதமற்றோராக்கவும் 1860-இல் 31-ஆவது சட்டம் இயற்றப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது, 1878-ஆம் ஆண்டின் 11-ஆவது சட்டமாகிய இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டத்தை அதே ஆண்டில் கொண்டுவந்தவரும் இதே லிட்டன் பிரபு என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ளல் நலம். ஒரே ஆண்டிலே நாவுக்கு ஒரு பூட்டு. கைக்கு ஒரு பூட்டு.

அந்த 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படிக்கும்போது, அதன் ஆசிரியர்கள் வண்டிகளைப் பற்றி எவ்வளவு கவலைப்பட்டிருக்கின்றனர் என்பதைக் கண்டு நான் வியப்படைவதுண்டு. அதன் பத்தாம் பிரிவு, ஆயுதங்களை நாட்டின் எப்பகுதியிலும் கொண்டுசெல்வதை முற்றிலும் தடுக்கவோ, உரிமம் பெற்றே கொண்டுசெல்லுமாறு விதிக்கவோ அரசுக்கு அதிகாரம் தந்தது. பதினோராம் பிரிவு, பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் அயல் ஆட்சிப் பகுதிக்கும் இடையிலுள்ள எல்லையிலே சோதனைச் சாவடிகளை நிறுவ இடமளித்தது. அச் சாவடிகளில் படகுகளையும், வண்டிகளையும், பொதிமாடுகளையும், பெட்டி, மூட்டை, பொட்டணம் எவற்றையும் நிறுத்திச் சோதிக்கலாம். பன்னிரண்டாம் பிரிவு இன்னும் நுட்பமானது: உரிமம் இருப்பினும் இல்லாவிடினும், ஐயத்துக்கு இடந்தரும் முறையில் ஒருவன் ஆயுதத்தைக் கொண்டுசெல்வானாயின் அவனைப் பிடித்துவைக்கலாம் என்றது. சாதாரண மீறலுக்கு மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால் அரசு அலுவலரோ, இரயில்வே ஊழியரோ, சரக்கு ஏற்றிச் செல்வோரின் பணியாளரோ அறியாதபடி மறைத்துச் செய்தால் ஏழு ஆண்டு வரை சிறை. ஆயுதத்தைக் கொண்டுசெல்வதைவிட, மறைத்துக் கொண்டுசெல்வதே பெருங்குற்றம் என்பது இதன் கருத்து.

இரயில்வே ஊழியர் இச்சட்டத்தில் ஏன் நுழைந்தார்? இக்கேள்விக்கு விடை நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து மேற்குக் கரையிலுள்ள பேப்பூர் வரை செல்லும் இருப்புப்பாதை, போத்தனூர் வழியாக, 1862-இல் நிறைவுற்றது. 1873-இல் மேட்டுப்பாளையம் வரை கிளைப்பாதை நீண்டது. பொதிமாடு ஒரு வாரத்தில் கடந்த தொலைவைப் புகைவண்டி ஓர் இரவிலே கடந்தது. ஒரு பெட்டியை ஓரூரில் ஒருவன் ஏற்றுவான். வேறோர் ஊரில் வேறொருவன் இறக்குவான். இடையில் அதனைத் தொட்ட எவருக்கும் உள்ளே இருப்பது தெரியாது. எனவேதான், ஐயத்துக்குரிய பெட்டியோ மூட்டையோ கண்ணிற் பட்டால் இரயில்வே ஊழியரும் சரக்கு ஏற்றுவோரின் ஊழியரும் போலீசுக்கு அறிவிக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் இருபத்தெட்டாம் பிரிவு கட்டளையிட்டது. வண்டி மாறியபோது சட்டமும் மாறியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி, இச்சட்டத்தின் பெருங்குறையைச் சொல்கிறேன். சட்டம் கடுமையாக இருந்தது மட்டும் குறையன்று; அது எல்லோருக்கும் ஒன்றாக இல்லை என்பதே குறை. அதன் கீழ் வகுக்கப்பட்ட விதிகள் ஐரோப்பியருக்கும் வேறு சில வகுப்பாருக்கும் உரிமம் பெறும் கட்டாயத்திலிருந்து விலக்கு அளித்தன. நீலகிரியிலே வேட்டையாடச் செல்லும் வெள்ளைத் துரை தம் துப்பாக்கியோடு மலையேறலாம். அதே வழியில், காட்டுப் பன்றியிடமிருந்து தம் பயிரைக் காக்க ஒரு பழந்துப்பாக்கியை எடுத்துச் செல்லும் உழவர், தாளைக் காட்டாவிடில் சிறைக்குச் செல்ல வேண்டும். துப்பாக்கி ஒன்றே, வழி ஒன்றே, தோலின் நிறம் மட்டும் வேறு.

இந்த அநீதியை நம் தலைவர்கள் தொடக்கத்திலேயே கண்டுகொண்டனர். இந்தியத் தேசியக் காங்கிரசின் மூன்றாவது மாநாடு 1887 டிசம்பரில் சென்னையிலே பத்ருத்தீன் தயாப்ஜி தலைமையிற் கூடியது. ஆயுதச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று அம்மாநாடு தீர்மானம் நிறைவேற்றியது. பல்லாண்டு கிளர்ச்சிக்குப் பின், 1920-இல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் நிறவேற்றுமையை நீக்கின. 1930-இல், உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு முன் காந்தியடிகள் அரசின் முன் வைத்த பதினொரு கோரிக்கைகளுள் இறுதியானது எது தெரியுமா? தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருக்க, மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு, உரிமம் வழங்க வேண்டும் என்பதே! அகிம்சையின் திருவுருவமாகிய அண்ணல் துப்பாக்கி உரிமத்தைக் கேட்டது முரண்பாடு என்று சிலர் எண்ணலாம். முரண்பாடு அன்று. ஆயுதத்தை ஏந்தாதிருப்பது ஒருவன் தானே மேற்கொள்ளும் அறம். ஆயுதத்தை ஏந்தாதவாறு பிறரால் தடுக்கப்படுவது அடிமைத்தனம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் நன்கு அறிந்தவர். அடுத்த ஆண்டு கராச்சித் தீர்மானமும், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் குடிமக்கள் உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

1942-ஆம் ஆண்டு ஆகஸ்டுக் கிளர்ச்சியில் கோவை வட்டாரம் முன்னணியில் நின்றது. போத்தனூர், சிங்காநல்லூர்ப் பகுதியிலே போர்த் தளவாடம் ஏற்றிச் சென்ற சரக்கு வண்டி கவிழ்க்கப்பட்டது. அதே மாதம் 26-ஆம் நாள் சூலூர் விமான நிலையத்துக்குத் தீ வைக்கப்பட்டது. மக்கள் வழியிற் கொண்டுசெல்லும் ஆயுதத்தை அரசு எட்டு திக்கிலும் தேடிக்கொண்டிருந்த காலத்தில், அரசு வழியிற் கொண்டுசென்ற ஆயுதத்தை மக்கள் நிறுத்தினர். ஆளுவோரும் ஆளப்படுவோரும் ஒருவரையொருவர் நம்பாத நாட்டில் எந்த வழியும் காவலுடைய வழி ஆகாது என்பதற்கு இது சான்று.

விடுதலைக்குப் பின் அரசியல் நிர்ணய சபையிலே இப்பொருள் மீண்டும் எழுந்தது. 1948 டிசம்பரில், ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்று எச். வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. அடிமை நாட்டில் உரிமையாகக் கேட்டதை விடுதலை நாட்டில் ஏன் அடிப்படை உரிமையாக்கவில்லை? மாணவர்கள் தமக்குள் வாதிட வேண்டிய நல்ல வினா இது. என் கருத்தைச் சொல்கிறேன். அயலான் ஆட்சியிலே ஆயுதம் மக்களின் மானத்துக்கு அடையாளம். மக்களாட்சியிலோ, மக்களின் மானத்துக்கு வாக்குச் சீட்டும் நீதிமன்றமும் அடையாளங்கள். அங்கே ஆயுதம் ஒரு தேவைக்குரிய கருவியாக இறங்கி வந்துவிடுகிறது. தேவைக்குரிய கருவியைத் தேவையை ஆராய்ந்து வழங்குவதே முறை.

அம்முறையை வகுத்ததுதான் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். இது 1962 அக்டோபர் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தில் வாளும் ஈட்டியும் வில்லும் அம்புங்கூட உரிமத்துக்கு உட்பட்டவை. புதிய சட்டம், அரசு தனியே அறிவிக்கும் பகுதிகளைத் தவிர ஏனைய இடங்களில், இவற்றை அந்தத் தளையிலிருந்து விடுவித்தது. துப்பாக்கிக்கு மட்டும் எங்கும் உரிமம் வேண்டும். பயிரைக் காக்க வாய்வழி மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கியை உண்மையாகவே நாடும் உழவருக்கும், தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ இருபது அங்குலத்துக்குக் குறையாத குழலுடைய துப்பாக்கியை நாடும் குடிமகனுக்கும், தகுதி இருப்பின் உரிமம் வழங்கப்பட வேண்டும் என்று அதன் பதின்மூன்றாம் பிரிவு கூறியது. மலையடிவாரத்து உழவரின் பழைய குறை இவ்வாறு சட்டத்திலேயே இடம் பெற்றது. ஒருவர் எத்தனை துப்பாக்கி வைத்திருக்கலாம் என்ற எல்லை 1983-இல் மூன்று என்றும், 2019-இல் இரண்டு என்றும் குறுக்கப்பட்டது.

போக்குவரத்தைப் பொறுத்தவரை, 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எலும்புக்கூட்டைப் புதிய சட்டம் அப்படியே எடுத்துக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஆயுதங்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்வதைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் பன்னிரண்டாம் பிரிவில் இருக்கிறது. ஆயுதம் கொண்டுசெல்வோரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லும் அதிகாரம் பத்தொன்பதாம் பிரிவில் உண்டு. உரிமம் இருப்பினும் ஐயத்துக்குரிய முறையிற் கொண்டுசெல்வோரைப் பிடிக்கலாம் என்ற விதி இருபதாம் பிரிவு. எந்தக் கப்பலையும் வண்டியையும் நிறுத்திச் சோதித்து, ஆயுதத்தையும், அது இருந்த வண்டியையும் சேர்த்தே கைப்பற்றலாம் என்கிறது இருபத்து மூன்றாம் பிரிவு. மறைத்துச் செய்யும் மீறலுக்குத் தனித் தண்டனை உண்டு. இரயில்வே ஊழியருக்கு இருந்த அறிவிக்கும் கடமை, முப்பத்தாறாம் பிரிவில் விமானம், கப்பல், வண்டி ஆகிய எல்லாவற்றிலும் வேலை செய்வோருக்கும் விரிவாக்கப்பட்டது.

இந்த முப்பத்தாறாம் பிரிவு கொங்கு நாட்டாருக்கு மிகவும் நெருங்கியது. சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு ஆகிய ஊர்கள் இன்று லாரித் தொழிலுக்குப் பேர்போனவை. தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட அதே சங்ககிரியிலிருந்து இன்று நாட்டின் நான்கு மூலைகளுக்கும் லாரிகள் செல்கின்றன. அவற்றின் ஓட்டுநர்கள் ஆயிரக்கணக்கான பெட்டிகளை ஏற்றுகின்றனர். ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்க அவர்களால் இயலாது. சட்டமும் அவ்வாறு எதிர்பார்க்கவில்லை. ஐயப்படத் தக்க காரணம் தோன்றினால் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு அறிவித்தல் வேண்டும், அறிவிக்காததற்குத் தக்க காரணம் இருப்பின் அதனை மெய்ப்பிப்பது அவர் பொறுப்பு, அவ்வளவே. அறியாமலே ஏற்றிச் சென்றவர் குற்றவாளி ஆவாரா? உச்ச நீதிமன்றம் 1972-இல், குன்வந்த்லால் வழக்கிலே, இதற்கு வழி காட்டியது. ஆயுதம் ஒருவரிடம் இருந்தது என்று சொல்ல வேண்டுமானால், அது தம்மிடம் இருப்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். நேரே கையில் இல்லாவிடினும் அதன்மீது அவருக்கு ஆட்சி இருக்க வேண்டும் என்று அது கூறியது. அறிவும் ஆட்சியும் இல்லாத இடத்தில் குற்றமும் இல்லை. நீதியின் இந்த நூலிழை, வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஏழைத் தொழிலாளிக்குப் பெருங்காவல்.

இனி, உரிமம் உடையவர் வழியிற் செல்லும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. உரிமத்தில் அது செல்லுபடியாகும் எல்லை குறிக்கப்பட்டிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் உரிமத்தோடு ஒருவர் கோவையிலிருந்து வாளையாறு கடந்து பாலக்காட்டுக்குச் சென்றால், மதுக்கரையில் முறையாக இருந்த அதே துப்பாக்கி வாளையாற்றுக்கு அப்பால் முறையற்றதாகி விடும். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, பொதுவிடத்தில் துப்பாக்கியை அதற்குரிய உறையில், முழுதும் மூடிய நிலையில், தம் கட்டுப்பாட்டுக்குள் வைத்தே கொண்டுசெல்ல வேண்டும். காட்டு வழியில் இன்னொரு சட்டமும் குறுக்கிடுகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், முன் அனுமதியின்றி ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதைத் தடுக்கிறது. வேட்டைக் குற்றத்துக்குப் பயன்பட்ட வண்டி அரசுடைமையாகும். சத்தியமங்கலத்திலிருந்து பண்ணாரி, திம்பம் வழியாக மைசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலை 2013-இல் அறிவிக்கப்பட்ட புலிகள் காப்பகத்தின் ஊடே போகிறது. அங்கே உரிமம் இருக்கிறது என்ற ஒரு சொல் மட்டும் போதாது.

இத்தகைய கடுமை வேண்டுமா என்று கேட்போருக்கு நம் வட்டாரத்தின் அண்மைக்கால வரலாறே விடை கூறும். அதே சத்தியமங்கலக் காட்டில் வீரப்பன் பல்லாண்டுகள் திரிந்தார். நாட்டுத் துப்பாக்கியும், தானியங்கித் துப்பாக்கியும், வெடிமருந்தும் அக்காட்டுக்குள் தாமாக முளைக்கவில்லை. எவரோ, ஏதோ ஒரு வழியில், கொண்டுசேர்த்தனர். தந்தமும் சந்தனமும் வெளியே வந்த வழிகளும் உண்டு. மலையடிவாரத்து எளிய மக்கள் ஒருபுறம் அவருடைய துப்பாக்கிக்கும் மறுபுறம் அதிரடிப் படையின் ஐயத்துக்கும் இடையே நசுங்கினர். 2004 அக்டோபர் 18-ஆம் நாள் தருமபுரியை அடுத்த பாப்பாரப்பட்டியில் அவ்வரலாறு முடிந்தபோது, முடிவுக்குக் களமாக அமைந்ததும் ஒரு வண்டியே. 1998 பிப்ரவரி 14-ஆம் நாள் கோவையில் நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புக்களில் ஐம்பத்தெட்டுப் பேர் உயிரிழந்தனர். வண்டிகளில் வைக்கப்பட்ட குண்டுகளும் அவற்றுள் அடங்கும். அந்நாளுக்குப் பிறகு, நகர எல்லையில் வண்டியை நிறுத்திச் சோதிக்கும் காவலரை இடையூறாக மட்டுமே கருத நம்மால் இயலவில்லை.

எனினும், சோதனை என்ற பெயரால் எதுவும் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு நூற்றாண்டு வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவன்று. 1878-ஆம் ஆண்டின் சட்டமும் வண்டியைச் சோதிக்கவே விரும்பியது. 1959-ஆம் ஆண்டின் சட்டமும் வண்டியைச் சோதிக்கவே விரும்புகிறது. செயல் ஒன்றுபோலத் தோன்றினும் அடிப்படை வேறு. முன்னது மக்களை எதிரிகளாகக் கருதி இயற்றப்பட்டது. அதனை இயற்றியவரை மக்கள் நீக்க முடியாது. பின்னது மக்கள் தேர்ந்தெடுத்தவர் இயற்றியது. காவலர் வரம்பு மீறினால் நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம். சட்டமே தவறென்றால் அதனை மாற்றுமாறு கேட்கலாம். சோதிப்பவரும் சோதிக்கப்படுபவரும் ஒரே சட்டத்தின் கீழ் நிற்க வேண்டும் என்பதே இங்கு உயிரான செய்தி. அந்தச் சமன்மை எங்கே குறைகிறதோ, அங்கே பழைய கம்பெனியின் நிழல் மீண்டும் விழுகிறது. ஏழையின் மாட்டுவண்டியை நிறுத்திவிட்டுச் செல்வரின் மோட்டாருக்குச் சலாம் வைக்கும் சாவடி, சட்டத்தைக் காக்கும் சாவடி ஆகாது.

விதிவிலக்குகளும் உண்டு. நம் அண்டை நாடாகிய குடகில் வாழும் குடகருக்கு ஆயுதச் சட்டத்தின் உரிமக் கட்டாயத்திலிருந்து பிரிட்டிஷார் காலத்திலேயே விலக்கு அளிக்கப்பட்டது. துப்பாக்கி அவர்களுடைய பண்பாட்டோடு கலந்தது. அதற்கென ஒரு திருவிழாவே அவர்களிடம் உண்டு. விடுதலைக்குப் பின்னும் அவ்விலக்குத் தொடர்ந்தது. 2019-இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. இவ்விலக்கு முறையா என்று ஆராய்வது உங்கள் சட்டக் கழகத்துக்கு ஒரு நல்ல தலைப்பாகலாம். சமன்மை என்பது எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளப்பதா, அல்லது அவரவர் வாழ்வை அறிந்து அளப்பதா என்ற பெரிய வினாவுக்கு அது உங்களை அழைத்துச் செல்லும்.

மாணவ நண்பர்களே, சட்டங்களைப் பிரிவு எண்களாக மனப்பாடம் செய்வது தேர்வுக்கு உதவலாம். வாழ்க்கைக்கு அது போதாது. ஒவ்வொரு சட்டத்தையும் படிக்கும்போது, இது யாரை நம்புகிறது, யாரை நம்பவில்லை என்று கேளுங்கள். அந்த ஒரு வினாவிலே அச்சட்டத்தின் வரலாறு முழுவதும் விளங்கிவிடும். வணிகரோடு சென்ற எறிவீரரின் காலத்தில், வழி அவரவர் கையை நம்பிற்று. கம்பெனியின் காலத்தில், ஆட்சி எவரையும் நம்பவில்லை. வெள்ளையர் ஆட்சியில், சட்டம் நிறத்தை நம்பிற்று. இன்று, சட்டம் குடிமகனை நம்புகிறது. ஆனால் வழியில் நிறுத்திக் கேட்கும்போது அவன் உண்மையான விடை தர வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. நாளை நீங்கள் வழக்கறிஞராகலாம், காவல் அதிகாரியாகலாம், லாரிக்கு உடைமையாளராகலாம். எந்த நிலையில் நின்றாலும், கேட்கும் இடத்தில் நேர்மையாகக் கேட்கவும், சொல்லும் இடத்தில் நேர்மையாகச் சொல்லவும் கற்றுக்கொள்ளுங்கள். வழிகள் காவலுடையனவாக இருப்பது சாவடியால் மட்டும் ஆவதன்று. இவ்விரு நேர்மைகளால் ஆவது.